வார இறுதி நகரப் பயணத்துக்குக் கிரெடிட் கார்டு புள்ளிகள்: எதைப் புள்ளியால் வாங்குவது, எதைப் பணத்தால் வாங்குவது

கிரெடிட் கார்டில் சேரும் ரிவார்டு புள்ளிகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் விமானத்தின் பிசினஸ் வகுப்பு இருக்கையைக் காட்டித்தான் ஆசையைத் தூண்டுகிறார்கள். அதற்கு வேண்டிய புள்ளிகளைச் சேர்க்கப் பலருக்கும் ஆண்டுகள் ஆகும். சேர்த்து முடிப்பதற்குள் அந்த இருக்கையின் புள்ளி விலை ஏறிவிடுவதும் உண்டு. வெள்ளி மாலையோ சனி காலையோ கிளம்பி, ஒரு நகரத்தில் இரண்டு இரவு தங்கித் திரும்பும் சிறு பயணம் அப்படியல்ல. ஒரு குடும்பத்தின் வழக்கமான செலவில் சேரும் புள்ளிகளே அதன் பெரும் செலவைத் தாங்கிவிடக்கூடும். ஆனால் ஊரையும் தேதியையும் முதலில் உறுதி செய்துவிட்டு, பிறகு புள்ளியை எங்கே நுழைக்கலாம் என்று தேடுபவருக்கு அந்தச் சிக்கனம் எளிதில் வாய்க்காது. புள்ளி எங்கே, எந்த நாளில் நன்றாக விலை போகிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஊரையும் நாளையும் வளைத்துக்கொள்பவருக்கே பயணம் உண்மையில் மலிவாக அமையும்.

கையில் இருப்பது எந்தப் புள்ளி

கார்டுகள் தரும் புள்ளிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. விமான நிறுவனத்தின் பெயர் தாங்கிய கார்டுகள் அந்த நிறுவனத்தின் மைல்களை (விமான நிறுவனப் புள்ளிகளுக்கு வழங்கும் பெயர்) நேரடியாகத் தருகின்றன. ஹோட்டல் குழுமத்தின் பெயரில் வரும் கார்டுகள் அந்தக் குழுமத்தின் புள்ளிகளைத் தருகின்றன. மூன்றாவது வகை, கார்டு வழங்கும் நிறுவனத்தின் சொந்தப் புள்ளிகள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் மெம்பர்ஷிப் ரிவார்ட்ஸ் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இவற்றைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம், வங்கியின் பயணத் தளத்தில் டிக்கெட்டாகவோ அறையாகவோ மாற்றலாம், கூட்டாளியாக உள்ள விமான நிறுவனத்துக்கோ ஹோட்டல் குழுமத்துக்கோ அனுப்பலாம். வாசல்கள் பல இருப்பதால் மூன்று வகையிலும் இதுவே வலுவானது. அதே காரணத்தால், தவறான வாசலில் நுழைந்து பாதி மதிப்பை இழக்கும் வாய்ப்பும் இதில்தான் அதிகம். கேஷ்பேக் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர்கள் மலிவான டிக்கெட்டையும் அறையையும் தேடி வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அது தாழ்ந்த வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புள்ளி தரும் தாராளம் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி கார்டு வழங்கிய வங்கிக்குப் போகிறது. புள்ளிகளுக்கான செலவில் பெரும்பங்கு அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003-இல் இந்தக் கட்டணத்தைக் குறைத்தபோது அங்கே கார்டுகளின் புள்ளி விகிதங்கள் சரிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கொண்டுவந்த விதி, தனிநபர் கிரெடிட் கார்டுகளுக்கு இதை 0.3 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. ஆகவே கட்டண வரம்பு இல்லாத நாட்டில் இருப்பவர் போடும் கணக்கைப் படித்துவிட்டு, நம் கார்டும் அவ்வளவு தரும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. உங்கள் கார்டின் விதிமுறைத் தாளே உங்களுக்கு ஆதாரம்.

இங்கேயே சொல்லிவிட வேண்டிய ஒன்று: மாதப் பில்லை முழுதாகக் கட்டாமல் நிலுவை வைப்பவருக்குப் புள்ளிப் பயணம் மலிவாக இருக்கவே முடியாது. ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்றால் மாதத்துக்கு 2 சதவீதம். பல கார்டுகளில் வட்டி இதற்கும் மேல். சாதாரணச் செலவுக்குக் கிடைக்கும் புள்ளிகளின் மதிப்போ பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒரே மாத நிலுவை அத்தனையையும் விழுங்கிவிடும். நிலுவை இருந்தால், புள்ளிகளைப் பில்லில் கழித்துக்கொள்வதே அவற்றின் சிறந்த பயன்பாடு.

ஒரு புள்ளி என்ன பெறும்

புள்ளிக்கென்று நிலையான விலை இல்லை என்பதால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டாக வேண்டும். கணக்கு எளிது: பணமாகச் செலுத்தினால் வரி உள்பட ஆகும் தொகையிலிருந்து, புள்ளியால் வாங்கும்போதும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி, கட்டணங்களைக் கழித்து, மிச்சத்தைத் தேவைப்படும் புள்ளிகளால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு வார இறுதியைப் பார்ப்போம். நாணயம் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். இரண்டு இரவுக்கான அறை வரியோடு 9,000. புள்ளியில் வாங்கினால் 20,000 புள்ளிகளும் 500 கட்டணமும். ஆக, 8,500-ஐ 20,000-ஆல் வகுத்தால் புள்ளி ஒன்றுக்கு 0.425 கிடைக்கிறது. போய்வர விமான டிக்கெட் 6,000. புள்ளியில் 12,000 புள்ளிகளும் 2,400 வரியும். இங்கே 3,600-ஐ 12,000-ஆல் வகுத்தால் 0.30 மட்டுமே. பில்லில் கழித்தால் வங்கி 0.25 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 20,000 புள்ளிகள் உள்ளவர் அறைக்குச் செலவிட்டால் 8,500 மிச்சமாகிறது. அவரே விமானத்துக்கு 12,000-ஐக் கொடுத்துவிட்டு மீதி 8,000-ஐப் பில்லில் கழித்தால் மிச்சம் 5,600-தான். ஒரே பயணம், ஒரே புள்ளிகள், 2,900 வித்தியாசம். ‘விமான டிக்கெட் இலவசமாகக் கிடைத்தது’ என்று மகிழ்பவர் கவனிக்கத் தவறுவது இந்த 2,900-ஐத்தான்.

இந்தக் கணக்கில் இரண்டு திருத்தங்கள் தேவை. முதலாவது சிறியது. பணம் கொடுத்துத் தங்கினால் கார்டிலும் ஹோட்டலின் உறுப்பினர் திட்டத்திலும் புதிய புள்ளிகள் சேரும், புள்ளியால் தங்கினால் பொதுவாகச் சேராது. அந்த இழப்பையும் தொகையிலிருந்து கழிப்பது நியாயம். இரண்டாவதுதான் பெரியது, பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. அந்த 9,000 அறையைப் பணம் கொடுத்து நீங்கள் எடுத்திருப்பீர்களா? புள்ளியே இல்லாவிட்டால் 5,000-க்கு ஒரு சுத்தமான அறையில் தங்கியிருப்பீர்கள் என்றால், உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது 4,500. அதன்படி புள்ளியின் மதிப்பு 0.225-ஆக, பில்லில் கழிப்பதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. சொகுசுக்காகவே புள்ளியைச் செலவிடுவது அவரவர் விருப்பம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலிவான பயணம்தான் நோக்கம் என்றால், ஒப்பிட வேண்டியது நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் விலையோடு. ஹோட்டல் வாசலில் எழுதியிருக்கும் விலையோடு அல்ல.

அறைதான் முதல்

இரண்டு இரவுப் பயணத்தில் புள்ளிக்கு ஏற்ற இடம் பெரும்பாலும் ஹோட்டல் அறையே. விமானமோ ரயிலோ ஆளுக்கொரு டிக்கெட் கேட்கும். அறை இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும். முழுவதும் புள்ளியில் எடுக்கும் அறைக்குப் பல குழுமங்களில் அறை வரியும் சேராது என்பதால், வரி அதிகமுள்ள நகரங்களில் அந்த வகையிலும் மிச்சம் உண்டு.

வார இறுதிக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் உள்ள ஹோட்டல்கள் திங்கள் முதல் வியாழன் வரை வேலை நிமித்தம் வருபவர்களால் நிரம்பி, வெள்ளியும் சனியும் காலியாகிவிடுகின்றன. அதனால் விலை இறங்குகிறது. ஞாயிறு இரவு பல வணிக நகரங்களில் இன்னும் மலிவு. கடற்கரை, மலைப்பகுதி போன்ற உல்லாசத் தலங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே வார இறுதிதான் உச்ச விலை. ஆகவே குறைந்த புள்ளியில் நல்ல அறை வேண்டுமானால் சுற்றுலாத் தலத்தை விட்டு, வேலைநாளில் பரபரப்பாக இருக்கும் நகரத்தின் நடுப்பகுதியைத் தேடுவது பலன் தரும். அருங்காட்சியகங்களும் பழைய கட்டடங்களும் நல்ல உணவகங்களும் அத்தகைய நகரங்களில் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கும். டாக்ஸிச் செலவும் குறையும். அந்த வாரத்தில் பெரிய மாநாடோ விளையாட்டுப் போட்டியோ இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த ஒரு நிகழ்ச்சி மேலே சொன்ன அத்தனையையும் தலைகீழாக்கிவிடும்.

குழுமங்கள் புள்ளி விலையை வைக்கும் முறைகள் வேறுபடுகின்றன, அதைப் பொறுத்து நம் உத்தியும் மாற வேண்டும். ஹையாட் தன் ஹோட்டல்களைத் தரவரிசைப்படுத்தி, ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை புள்ளி என்று அட்டவணை வெளியிடுகிறது. இத்தகைய திட்டத்தில் ரொக்க விலை எகிறும் நாளில்கூடப் புள்ளி விலை அட்டவணையின் எல்லையைத் தாண்டாது என்பதால், ஊரெங்கும் அறை கிடைக்காமல் விலை இரட்டிப்பாகும் வாரத்தில் புள்ளிக்கு நல்ல மதிப்பு வருகிறது. மேரியட் குழுமத்தின் பான்வாய் திட்டம் 2022-இல் அட்டவணையைக் கைவிட்டு, தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விலைக்கு மாறிவிட்டது. அங்கே ரொக்கம் ஏறினால் புள்ளியும் கூடவே ஏற முயலும். எனவே காலி வாரங்களைத் தேடுவதே வழி. அக்கோர் குழுமத்தில் 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ என்று மதிப்பு நிலையாக உள்ளது. அங்கே சாமர்த்தியத்துக்கும் வேலையில்லை, ஏமாறவும் வழியில்லை. மலிவான அறையைத் தேடிக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில ஹோட்டல்கள் அறை விலைக்கு மேல் ‘ரிசார்ட் கட்டணம்’, ‘டெஸ்டினேஷன் கட்டணம்’ என்ற பெயர்களில் நாளொன்றுக்கு ஒரு தொகையைச் சேர்க்கின்றன. முழுப் புள்ளியில் தங்கும் இரவுகளுக்கு ஹையாட்டும் ஹில்டனும் இதைத் தள்ளுபடி செய்கின்றன. மேரியட்டில் பொதுவாகக் கட்ட வேண்டியிருக்கும். மலிவான அறையில் இந்தக் கட்டணம் விலையின் கணிசமான பங்காகிவிடக்கூடும் என்பதால், புக்கிங்கை உறுதி செய்யும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் வரிகளை வாசிக்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது.

நான்கு இரவுக்குப் புள்ளி கொடுத்தால் ஐந்தாம் இரவு இலவசம் என்ற சலுகையைப் பெரிதாகப் பேசுவார்கள். வார இறுதிப் பயணிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நமக்குப் பொருந்துவது, ஹோட்டல் கார்டுகள் சில ஆண்டுதோறும் தரும் ஒரு இரவு இலவசச் சான்று. அதற்கு இத்தனை புள்ளி வரையிலான அறை என்ற உச்சவரம்பும் காலாவதித் தேதியும் இருக்கும்; நீண்ட பயணத்துக்காகக் காத்திருந்து பலர் அதை வீணாக்குகிறார்கள். விலை அதிகமான இரவுக்குச் சான்றையும் மற்ற இரவுக்குப் புள்ளியையும் பயன்படுத்தித் தனித்தனியாக இரண்டு புக்கிங் செய்துவிட்டு, இரண்டையும் இணைத்து ஒரே அறையில் தொடர அனுமதிக்குமாறு ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கேட்காமல் போனால் இடையில் ஒரு நாள் பெட்டியோடு வரவேற்பு மேசைக்கு இறங்கிவர நேரலாம்.

போக்குவரத்துக்குப் புள்ளி எப்போது

ரயிலில் நான்கு மணி நேரத்துக்குள் எட்டும் நகரமென்றால் விமானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விமான நிலையம் போய்வரும் நேரத்தையும் செலவையும் சேர்த்தால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. புள்ளிகள் அனைத்தும் அறைக்கு மிஞ்சுகின்றன. குறைந்த கட்டண விமானங்கள் போட்டி போடும் பாதையிலும் டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்குவதே பொதுவாக லாபம். டிக்கெட் மலிவாக இருக்கும்போது வரி நீங்கலாக மிஞ்சும் தொகை மிகச் சிறியது. அதற்காகப் புள்ளிகளைக் கரைப்பதில் பொருளில்லை. பெட்டிக் கட்டணத்தை மட்டும் சேர்த்து ஒப்பிட மறக்கக் கூடாது.

விமானத்துக்குப் புள்ளி பொருந்துவது, ஒன்றிரண்டு நிறுவனங்கள் மட்டுமே பறக்கும் குறுகிய பாதைகளில். அங்கே தூரம் கொஞ்சம்தான், டிக்கெட் விலையோ மிக அதிகமாக இருக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், கத்தார் ஏர்வேஸ், ஃபின்னேர் ஆகியவை பொதுவாகப் பயன்படுத்தும் ஏவியோஸ் புள்ளிகளில், பல கூட்டாளி விமானங்களுக்குத் தூரத்தை வைத்தே விலை கணக்கிடப்படுகிறது. குறைந்த தூரத்துக்குக் குறைந்த புள்ளி என்பதால், நேரடியான சிறு பயணத்துக்கு இது தோதானது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் திட்டத்தில் இடையில் விமானம் மாறினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகப் புள்ளி கழிவதால், இணைப்பு விமானத்துக்குப் பொருந்தாது. தூர அட்டவணையும் இன்றி ஏறி இறங்கும் விலையை மட்டுமே காட்டும் திட்டங்கள் பெருகிவிட்டன. அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா 2015-இலேயே தன் புள்ளி அட்டவணையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான யுனைடெட் 2019-இல் அதே வழியில் சென்றது.

பறக்கும் நிறுவனத்தின் மைல்களே நம்மிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. 1997-இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ், 1999-இல் வந்த ஒன்வேர்ல்டு, 2000-இல் உருவான ஸ்கைடீம் ஆகிய மூன்று கூட்டணிகளில், ஒரு நிறுவனத்தின் மைல்களைக் கொண்டு அதே கூட்டணியின் இன்னொரு நிறுவன இருக்கையை வாங்கலாம். ஒரே இருக்கைக்கு ஒவ்வொரு திட்டமும் வெவ்வேறு புள்ளி கேட்கும். சில திட்டங்கள் ‘கேரியர் சர்சார்ஜ்’ என்று ஒரு பெருந்தொகையையும் வரியோடு சேர்த்து வசூலிக்கும், சில வசூலிப்பதில்லை. அந்தத் தொகை டிக்கெட் விலையில் பாதியை எட்டினால், அதை இலவசப் பயணம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நாட்களைப் பொறுத்தவரை வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும்தான் எல்லோரும் பறக்க விரும்பும் நேரம், ஆகவே பணத்திலும் புள்ளியிலும் விலை உச்சம். சனி அதிகாலை சென்று திங்கள் அதிகாலை திரும்ப முடிந்தால், அதே இரண்டு இரவுகள் சனி, ஞாயிறு என்று அமைந்து, ஞாயிறு இரவின் மலிவான அறையும் சேர்ந்து கிடைக்கும். திங்கள் காலை நேராக அலுவலகம் செல்லும் தெம்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். விமான நிறுவனங்கள் விற்காத இருக்கைகள் சிலவற்றைக் கடைசி இரண்டு வாரங்களில் புள்ளிக்குத் திறந்துவிடுவதும் உண்டு. குடும்பத்தோடு நீண்ட விடுமுறை போகிறவர் அதை நம்பி இருக்க முடியாது. ஒரு பையை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கும் கிளம்பத் தயாராக இருக்கும் இருவருக்கு அது நல்ல வாய்ப்பு.

புள்ளிகளை அனுப்புவது ஒருவழிப் பாதை

வங்கிப் புள்ளிகளை விமான நிறுவனத்துக்கோ ஹோட்டலுக்கோ அனுப்பிவிட்டால், பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. அறுத்த தாலியைக் கட்ட முடியாத கதைதான். எனவே வரிசை முக்கியம்: கணக்கைத் தொடங்குங்கள், வேண்டிய தேதியில் இருக்கையோ அறையோ புள்ளிக்குக் கிடைக்கிறதா என்று அந்தத் திட்டத்தின் தளத்திலேயே உள்நுழைந்து பாருங்கள், வரித்தொகை தெரியும் பக்கம்வரை செல்லுங்கள், அதன் பிறகே அனுப்புங்கள். கூட்டாளி விமானங்களில் தேடல் பக்கம் காட்டும் இருக்கை, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் மறைந்துவிடுவது அடிக்கடி நடப்பது. கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

சில அனுப்புதல்கள் நிமிடங்களில் முடிகின்றன, சில பல நாட்கள் எடுக்கின்றன. கார்டில் உள்ள பெயரும் திட்டக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் புள்ளிகள் நடுவழியில் நின்றுவிடும். தந்தை பெயரை முதலெழுத்தாக ஓரிடத்திலும் முழுப்பெயராக இன்னோரிடத்திலும் எழுதும் பழக்கமுள்ள தமிழர்கள் இதை இருமுறை சரிபார்ப்பது நல்லது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் வைத்துக்கொண்டால் சிக்கலில்லை. சில வங்கிகள் 1,000-இன் மடங்குகளில் மட்டுமே அனுப்ப விடும். கொஞ்சம் மீதம் தங்கும், அதற்காக வருந்த வேண்டாம். அவ்வப்போது அறிவிக்கப்படும் கூடுதல் போனஸைப் பார்த்து, பயணத் திட்டம் இல்லாமலேயே அனுப்பிவைப்பது தவறு. உதாரணமாக, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் மூன்றாண்டில் காலாவதியாகின்றன. வங்கியில் இருந்திருந்தால் அவற்றுக்கு வேறு பல வாசல்கள் திறந்திருக்கும்.

வங்கியின் சொந்தப் பயணத் தளம் இதைவிட எளிது. புள்ளிக்கு இவ்வளவு என்று ஒரே விலை. அதில் எடுக்கும் விமான டிக்கெட் பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்கியதாகவே கணக்கில் வருவதால் மைல்களும் சேரும். ஹோட்டல் அறையை அப்படி எடுத்தால் குழுமம் அதை இடைத்தரகர் வழியாக வந்த புக்கிங்காகவே நடத்தும். ஹோட்டல் புள்ளிகளும் உறுப்பினர் சலுகைகளும் பொதுவாகக் கிடைக்காது, தேதி மாற்ற வேண்டுமானாலும் வங்கித் தளத்தையே நாட வேண்டும். தளத்தில் காட்டும் அறை விலை ஹோட்டலின் சொந்த விலையைவிடக் கூடுதலாக இல்லையா என்றும் பாருங்கள். கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம் புள்ளியின் மதிப்பிலிருந்துதான் போகிறது.

செய்யும் வரிசை

கையில் உள்ள புள்ளி எந்தெந்த ஹோட்டல் குழுமங்களுக்குப் போகும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து எளிதில் எட்டக்கூடிய நான்கைந்து நகரங்களை எடுத்து, அந்தக் குழுமங்களின் ஹோட்டல்கள் அங்கே எங்கெங்கே உள்ளன என்று பாருங்கள். பல குழுமங்களின் தளங்களில் ஒரு மாதம் முழுமைக்கும் புள்ளி விலையைக் காட்டும் நாட்காட்டி இருக்கிறது; இரண்டு மூன்று மாதங்களை அதில் புரட்டினால் மலிவான வார இறுதிகள் கண்ணில் படும். அவற்றில் டிக்கெட்டும் மலிவாக உள்ள வாரத்தைத் தேர்ந்தெடுப்பதே பயணத் திட்டத்தின் பாதி வேலை.

அறையை முதலில் எடுங்கள், அதுவும் கேன்சல் செய்தால் புள்ளிகள் திரும்பும் வகையில். புள்ளியில் எடுக்கும் அறைகளை, வருகைக்கு ஓரிரு நாட்கள் முன்புவரை கட்டணமின்றிக் கேன்சல் செய்யப் பல ஹோட்டல்கள் அனுமதிக்கின்றன. கடைசி நாள் ஒவ்வொரு ஹோட்டலுக்கும் மாறும் என்பதால் உறுதிச் சீட்டில் உள்ள தேதியைக் குறித்துவையுங்கள். இந்த விதியில் இன்னொரு பயனும் இருக்கிறது: ஏறி இறங்கும் விலையுள்ள குழுமத்தில், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மீண்டும் விலையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் புதிய விலையில் மறுபடி எடுத்து, அது உறுதியான பிறகு பழையதைக் கேன்சல் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. சில சமயம் அடுத்த பயணத்தின் ஒரு இரவே அதில் கிடைத்துவிடும். கேன்சல் செய்யும்போது புள்ளிகள் ஹோட்டல் கணக்குக்குத்தான் திரும்பும், வங்கிக்கு அல்ல என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். விமான டிக்கெட்டுக்கு விதிகள் இன்னும் கடுமை; சில திட்டங்கள் புள்ளியைத் திருப்பித் தரக் கட்டணம் கேட்கும், ஆகவே அறை உறுதியான பின்பே டிக்கெட்டை எடுங்கள்.

டிக்கெட்டின் வரியைக் கட்ட எந்தக் கார்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். சில கார்டுகளின் பயணக் காப்பீடு, புள்ளியில் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் வரியை அந்தக் கார்டில் கட்டியிருந்தால் செல்லும். சிலவற்றில் முழு விலையும் கட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டு நகரமென்றால், அயல்நாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பல கார்டுகளில் இந்தக் கட்டணம் 3 சதவீதம் வரை இருக்கும், உணவு, பேருந்து, நுழைவுச்சீட்டு என்று ஒவ்வொன்றிலும் கழியும். அங்கே கார்டு இயந்திரம் உங்கள் சொந்த நாணயத்தில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் மறுத்துவிட்டு, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்த நாணயத்தில் காட்டும் தொகையில் பெரும்பாலும் மாற்றுக் கட்டணம் ஒன்று ஒளிந்திருக்கும்.

இலவச அறைதானே என்று வெறுங்கையோடு வரவேற்பு மேசைக்குப் போகக் கூடாது. புள்ளியில் தங்கினாலும் எதிர்பாராத செலவுக்காக ஹோட்டல்கள் கார்டில் ஒரு தொகையை நிறுத்திவைக்கும். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தத் தொகை வங்கிக் கணக்கிலிருந்தே முடங்கிவிடும் என்பதால், கிரெடிட் கார்டைக் கொடுங்கள். பல நகரங்களில் ஆளுக்கு, இரவுக்கு என்று வசூலிக்கும் நகர வரியையும் அங்கேயே கட்ட வேண்டியிருக்கும். காலை உணவு சேர்ந்ததா, வாகன நிறுத்தம் இலவசமா என்று அந்த மேசையிலேயே கேட்டுவிடுங்கள். சாவியைத் திருப்பித் தரும்போது பில்லை அச்சிலோ மின்னஞ்சலிலோ வாங்கி, அறை வாடகைக்கு நேரே பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்திவைத்த தொகை விடுபடச் சில நாட்கள் ஆகலாம். அது ஸ்டேட்மென்டில் செலவாக மாறியிருந்தால், அந்தப் பில்லை இணைத்து ஹோட்டலுக்கு எழுதி, பதில் வராவிட்டால் கார்டு வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் பதியலாம்.